இரண்டாவது பிரேக்

பிரேக் மாஸ்டருடைய வலது கால் யார் பேச்சையும் கேட்காது, அவர் பேச்சையும் சேர்த்துத்தான். கலியாண வீட்டில் யாராவது மைக்கைப் பிடித்துக்கொண்டு வாழ்த்துரையை முடிக்க மனமில்லாமல் நீட்டினால், அந்தக் கால் நாற்காலிக்குக் கீழே தரையைப் போட்டு அமுக்கும். பக்கத்து வீட்டுக்காரர் மாடிப்படியில் தடதடவென்று இறங்கினால் அமுக்கும். டிவியில் கார் ஓடினால் கேட்கவே வேண்டாம், விளம்பரக் காருக்குக்கூட சோபாவில் இருந்தபடியே பிரேக் போட்டுக் கொடுப்பார். தூக்கத்தில் போடும் பிரேக் எல்லாம் அவர் மனைவியின் கெண்டைக்காலில் வந்து விழும். கலியாணமான புதிதில் அந்த அம்மா கோபித்துக்கொண்டு சுவரோரம் போய்ப் படுத்தது உண்டு. நாளாக ஆக அதுவே பழகிப்போய், உதை விழாவிட்டால் பதறி எழுந்து, மனுஷனுக்கு மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கிற நிலைமைக்கு வந்துவிட்டார்.

அந்தக் காலையும் குறை சொல்ல முடியாது. மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். கற்றுக்கொடுக்கிற வண்டியில், ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாஸ்டர் காலடியில் இன்னொரு பிரேக். ஊரில் பாதிப் பேர் அந்த இரண்டாவது பிரேக்கின் தயவில்தான் இன்றைக்கு உயிரோடு நடமாடுகிறார்கள். பாடம் தொடங்கும் முன் அவர் கண்ணை மூடி, "ஆண்டவரே, இந்தப் பிள்ளையைக் காத்துக்கொள்ளும், எதிரே வருகிறவர்களையும் காத்துக்கொள்ளும்" என்று ஜெபம் செய்வார். ஆமென் சொல்வதற்கு முன்பே கால் பிரேக்குக்குப் போய்விட்டிருக்கும்.

அவருடைய விசுவாசத்தில் யாரும் குறை காண முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முதல் ஆளாகப் போவார், கடைசி ஆளாக வருவார். காணிக்கைப் பையை வரிசை வரிசையாகக் கொண்டுபோகும் பொறுப்பு அவருடையது. ஆனால் அவர் ஜெபம் இருக்கிறதே, அது தனி ரகம். "உம்முடைய சித்தப்படியே ஆகட்டும் ஆண்டவரே" என்று அழகாகத் தொடங்குவார். மூச்சு விட்டுவிட்டு, "ஆனாலும்..." என்பார். அந்த ஆனாலுமுக்குப் பிறகு ஆண்டவர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும், எங்கே கொஞ்சம் பொறுத்துப் போக வேண்டும் என்று எல்லாம் விவரமாக வரும். மகனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று ஜெபித்தபோது, கம்பெனிக்குப் போகும் வழியையும் சேர்த்துச் சொன்னார் என்று மனைவி சத்தியம் செய்கிறார்.

ஒரு ஞாயிறு போதகர், புயலில் மாட்டிய படகைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். சீஷர்கள் அலறுகிறார்கள், ஆண்டவரோ படகில் அயர்ந்து தூங்குகிறார். சபையே உருகிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தது. ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் டீ குடிக்கும்போது, மாஸ்டர் போதகரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஐயா, நல்ல பிரசங்கம். ஒரே ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க மாஸ்டர்."

"அவர் தூங்கிட்டார், சரி. அந்த நேரத்துல படகை யாரு ஓட்டிக்கிட்டு இருந்தது?"

போதகருக்கு டீ புரையேறியது. அவரும் மாஸ்டரிடம் கார் கற்றுக்கொண்டவர்தான். லைசென்ஸ் பரீட்சையில் திரும்பத் திரும்பக் கோட்டை விட்டவர். "மாஸ்டர், அவர் மேல இருக்கற நம்பிக்கையைப் பத்தித்தான் நான் பேசினேன்" என்றார் இருமலுக்கு நடுவில்.

"நம்பிக்கை எல்லாம் இருக்குய்யா. இருந்தாலும் ஒருத்தர் முழிச்சிருக்கணும் இல்லையா?" என்று மாஸ்டர் சொல்லிவிட்டு, தன் கேள்விக்குப் பதில் வரவில்லை என்ற திருப்தியோடு டீயைக் குடித்தார். ஓடுகிற வண்டியில் அவர் வாழ்நாளில் கண்ணயர்ந்தது கிடையாது. ரயிலில்கூட விடிய விடிய உட்கார்ந்து வருவார். ரயிலில் அவர் முழித்திருந்து என்ன செய்யப் போகிறார் என்று நீங்களும் நானும் கேட்கலாம். அந்தக் காலிடம் கேட்டுப் பாருங்கள்.

இப்படி ஆயுள் முழுக்க அமுக்கியதற்கு வலது முழங்கால் ஒரு நாள் கணக்குத் தீர்த்தது. முதலில் படி ஏறும்போது வலித்தது. பிறகு இறங்கும்போது வலித்தது. பிறகு ஏறாமல் இறங்காமல் சும்மா இருக்கும்போதும் வலித்தது. தைலம் தடவினார், பட்டை மாட்டினார், மூட்டைச் சுற்றித் துணியைச் சூடு பண்ணி ஒற்றினார். கோயில் வாசல்படிக்கு வந்ததும் ஷூ நாடாவைக் கட்டுகிற சாக்கில் நின்று மூச்சு வாங்கினார். அவர் போட்டிருந்தது செருப்பு என்பதை யாரும் சுட்டிக்காட்டவில்லை, பெரிய மனுஷன் என்ற மரியாதைக்காக. காணிக்கைப் பை வேறு ஆள் கைக்குப் போயிற்று. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார்.

எலும்பு டாக்டர் படத்தை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "ஐயா, வலது மூட்டு சுத்தமா தேஞ்சுபோச்சு. எலும்பும் எலும்பும் உரசுது. ஆபரேஷன் பண்ணி மாத்தினா நல்லா நடக்கலாம். இப்படியே விட்டா கால் வளைஞ்சு, அப்புறம் நாற்காலியோட நாற்காலியா உட்கார வேண்டியதுதான்."

"இடது கால் எப்படி இருக்கு?"

"அது புதுசு மாதிரி இருக்கு. வலதை மட்டும் வச்சு என்ன வேலை பார்த்தீங்க?"

மாஸ்டர் குனிந்து செருப்பைத் தேடினார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர் முடிவைச் சொன்னார். "ஆபரேஷன் வேண்டாம். கர்த்தர் சுகம் குடுப்பார்."

"குடுக்கட்டும். டாக்டர் கை வழியாக் குடுத்தா வாங்கிக்க மாட்டீங்களா?"

"எனக்கு விசுவாசம் இருக்கு."

"உங்களுக்கு இருக்கறது விசுவாசம் இல்லைங்க, பயம்!" என்று மனைவி பட்டென்று உடைத்தார்.

பயம்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? கத்திக்கு அவர் பயப்படவில்லை, ரத்தத்துக்குப் பயப்படவில்லை, சாவுக்குக்கூட அவ்வளவாகப் பயப்படவில்லை, போய்ச் சேருகிற இடம் எது என்று அவருக்குத் தெரியும். ஆனால் மேஜையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, அடுத்தவன் ஓட்ட, தான் ஒன்றும் செய்யாமல் கிடக்க வேண்டும் என்பதற்குத்தான் பயந்தார். பிறகு வீட்டிலும் அதே கதிதான். எழுப்பி உட்கார வைக்க ஒரு கை, நடக்க ஒரு கை, குளியலறைக்கு ஒரு கை. இத்தனை பேர் உயிரைக் காலில் வைத்துக் காப்பாற்றிய மனுஷன், ஒரு டம்ளர் தண்ணீருக்கு "அம்மா" என்று கூப்பிட வேண்டும். இதற்கு நாற்காலியே மேல் என்று ஒற்றைக்காலில் நின்றார். அந்த ஒற்றைக்கால் இடது கால் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மனைவி போதகருக்குச் சொல்லி அனுப்பினார். அவர் மாலையில் வந்து, பிஸ்கட்டைத் தொட்டுக்கொண்டே டீ குடித்து, கடைசியில் முழங்காலில் கை வைத்து ஜெபம் செய்தார். ஜெபம் முடிந்ததும் மாஸ்டர், "நல்லா ஜெபிச்சீங்க ஐயா. ஆனாலும், வலது முழங்கால்னு தெளிவாச் சொல்லலையே" என்றார்.

மனைவிக்கு வந்ததே கோபம். கையில் இருந்த தட்டை டக்கென்று மேஜையில் வைத்தார்.

"ஐயா, இவர் ஆண்டவருக்கே எல் போர்டு மாட்டி ஓட்ட விடற மனுஷன். ஸ்டியரிங்கை அவர் கையில குடுத்துருவார், காலை மட்டும் பிரேக்ல இருந்து எடுக்க மாட்டார். இவர் பக்கத்துல உட்கார்ந்தா அவருக்கும் லைசென்ஸ் கிடைக்காது!"

போதகர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "அம்மா சொல்றது எனக்குத் தெரியும் மாஸ்டர்" என்றார். "நீங்க பக்கத்துல இருந்தவரைக்கும் எனக்கு வண்டி வரவே இல்ல. நான் பிரேக் போடணும்னு நினைக்கறதுக்குள்ள நீங்க போட்டுருவீங்க."

மாஸ்டர் எரிந்து விழுவார் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொன்னார்.

"போன மாசம் கடைசியா ஒரு பொண்ணுக்குக் கத்துக்குடுத்தேன் இல்ல, பாங்க்ல வேலை பாக்கற பொண்ணு. மார்க்கெட் வளைவுல ஒரு தள்ளுவண்டி குறுக்க வந்துருச்சு. நான் பிரேக்கை அமுக்கறேன், கால் வரல. முட்டி அப்படியே பூட்டிக்கிச்சு. சத்தம்கூட போட வரல எனக்கு."

"அய்யய்யோ! அப்புறம்?" என்றார் மனைவி.

"அந்தப் பொண்ணே பிரேக் போட்டுட்டா. வண்டி நின்னுது. தள்ளுவண்டிக்காரன் அவன்பாட்டுக்குப் போயிட்டான். சார், நீங்க சமயத்துல அமுக்கினீங்கன்னு எனக்கு நன்றி வேற சொல்றா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பரவாயில்லம்மான்னு சொன்னேன்."

போதகர் இந்த முறை சிரிக்கவில்லை. மனைவி மாஸ்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அப்போ நீங்க அமுக்காமலே வண்டி நின்னுது" என்றார் மெதுவாக.

"நின்னுதான் போச்சு" என்றார் மாஸ்டர். கண் கலங்கியிருந்தது. அடுத்த நாளே அவர் ஸ்கூலை மூடியதற்குக் காரணம் வயது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

ஒருவழியாக ஆபரேஷனுக்குத் தலையாட்டினார். ஆனாலும் போட்டார் ஒரு ஆனாலும்: ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு டாக்ஸி வேண்டும், டிரைவரை அவரே பார்த்துத் தேர்ந்தெடுப்பார்.

"டாக்ஸி எதுக்கு? வீட்டுக் கார் இருக்கு. நான் ஓட்டறேன்" என்றார் மனைவி. உள்ளே போய்க் கைப்பையில் இருந்து ஒரு லைசென்ஸை எடுத்து வந்து அவர் மடியில் போட்டார்.

மாஸ்டர் அதில் இருந்த படத்தையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். கலியாணமான புதிதில் அவர் மனைவிக்கும் கார் கற்றுக்கொடுக்கப் பார்த்தவர். தெரு முனை திரும்புவதற்குள் அவர் போட்ட பிரேக்குகளில் அந்த அம்மாவுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. காரை நடுத்தெருவில் விட்டுவிட்டுச் சாவியோடு வீட்டுக்கு நடந்து போனவர், அதன் பிறகு ஸ்டியரிங் பக்கமே போனதில்லை. போனதில்லை என்றுதான் மாஸ்டர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"யாருகிட்ட கத்துக்கிட்ட?"

"உங்க பழைய ஸ்டூடன்ட்தான். இப்போ பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சொந்தமா ஸ்கூல் வச்சிருக்காளே, அவ."

"அவளா! அவ ரிவர்ஸ்ல என் கேட்டையே இடிச்சவ! எப்போ போன?"

"செவ்வாய்க்கிழமை."

"செவ்வாய்க்கிழமை நீ பெண்கள் ஜெபக் கூட்டத்துக்கு இல்ல போயிட்டிருந்த?"

"கூட்டத்துக்குப் போயிட்டு அப்படியே அங்க போனேன். வண்டிக்குள்ளயும் ஜெபம்தான் பண்ணினேன், உங்களை மாதிரி கிளம்பறதுக்கு முன்னாடி மட்டும் இல்ல, வழி பூராவும்" என்றார் அந்த அம்மா, கொஞ்சமும் அசராமல். "உங்க கால் இப்படி ஆகும்னு எனக்கு எப்பவோ தெரியும். ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது ஓட்டத் தெரிஞ்சிருக்க வேண்டாமா?"

மாஸ்டர் லைசென்ஸை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போன அந்தப் பயணத்தைப் பற்றி மாஸ்டர் பிற்பாடு யாரிடமும் பேசியதில்லை. முன் இருக்கையைப் பின்னால் தள்ளி, காலை நீட்டி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கேட்டைத் தாண்டுவதற்குள் கால் போய்த் தரையை அமுக்கியது. வலி தலைக்கு ஏறியது. "அம்மாடி!" என்று கத்தினார்.

"அந்தப் பக்கம் பிரேக் ஒண்ணும் இல்லைங்க, சும்மா கிடங்க" என்றார் மனைவி, சாலையில் இருந்து கண்ணை எடுக்காமல்.

பள்ளிக்கூட வளைவில் அமுக்கினார். சிக்னலில் அமுக்கினார். பெட்ரோல் பங்க் அருகே ஒரு லாரி எந்த அறிவிப்பும் இல்லாமல் பின்பக்கமாக வந்தது. மாஸ்டர் இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, "நிறுத்து, நிறுத்து, நிறுத்து!" என்றார். மூன்றாவது நிறுத்து அவர் வாயில் இருந்து வருவதற்கு முன்பே வண்டி நின்றிருந்தது. குலுங்கவில்லை, கீச்சிடவில்லை, அழகாக நின்றிருந்தது. லாரி போனதும் அந்த அம்மா கியரைப் போட்டு நகர்த்தினார்.

மாஸ்டருக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. வாயைத் திறந்து சொல்லிவிடலாம்தான். "இண்டிகேட்டர் போடல நீ" என்றார்.

ஆபரேஷன் அறைக்கு அவரைத் தள்ளுகட்டிலில் கொண்டுபோனார்கள். தள்ளிய ஊழியர் ஓட்டமும் நடையுமாகத் தள்ளினார். கால் அந்தக் கட்டில் விளிம்பையும் அமுக்கிப் பார்த்தது. உள்ளே பெரிய டாக்டருக்குப் பக்கத்தில் மீசை சரியாக முளைக்காத இன்னொரு டாக்டர் நின்றிருந்தார்.

"இவர் யாரு? கத்துக்கறவரா?" என்றார் மாஸ்டர்.

"ஆமாங்க. பயப்படாதீங்க, நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றார் பெரிய டாக்டர்.

மாஸ்டருக்குத் திக்கென்றது. பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்ற எத்தனை அம்மா அப்பாவிடம் இதே வார்த்தையை இதே மாதிரி சொல்லியிருக்கிறார்! அவர்களும் இப்படித்தான் எச்சிலை விழுங்கினார்கள்.

முதுகில் ஊசி போட்டார்கள். காலில் சூடு பரவுகிற மாதிரி இருந்தது, பிறகு பாரமாக இருந்தது, பிறகு கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. மயக்க மருந்து டாக்டர் குனிந்து கேட்டார். "ஐயா, வலது பாதத்தைக் கீழ அமுக்குங்க பார்ப்போம்."

இதைப்போய் அவரிடம் சொல்ல வேண்டுமா? பல்லைக் கடித்துக்கொண்டு, ஆயுள் பூராவும் அமுக்கிய அத்தனை அமுக்கலையும் சேர்த்து ஒரு அமுக்கு அமுக்கினார். நெற்றியில் வேர்த்தது.

"ம்ம், அமுக்குங்க" என்றார் டாக்டர்.

"அமுக்கிட்டுத்தான்யா இருக்கேன்!"

"ரொம்ப நல்லது. ஒண்ணுமே அசையல. ஆரம்பிக்கலாம்."

மாஸ்டர் கூரையில் இருந்த பெரிய விளக்கைப் பார்த்தார். உதடு தானாக அசைந்தது. உம்முடைய சித்தப்படியே ஆகட்டும் ஆண்டவரே. மூச்சை விட்டார். ஆனாலும் என்று வாய் வரைக்கும் வந்தது. மேற்கொண்டு சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. இடது பக்கம் பாரும் என்று சொல்வதா, மெதுவாகப் போம் என்று சொல்வதா? அவர் கையில் ஒன்றும் இல்லை, காலில்கூட ஒன்றும் இல்லை. மார்க்கெட் வளைவில் அவர் இல்லாமலே நின்ற வண்டி நினைவுக்கு வந்தது. அன்றைக்கு யார் முழித்திருந்தார்கள்? "ஆமென்" என்று சொல்லிவிட்டார். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவு சின்ன ஜெபத்தை அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோதுதான் செய்திருந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காலுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண், "பாதத்தை முன்னால அமுக்குங்க, பின்னால இழுங்க, முடிஞ்சவரைக்கும் செய்யுங்க ஐயா" என்றாள். வார்டே திரும்பிப் பார்க்கும்படி அமுக்கினார். இப்படி ஒரு நோயாளியைத் தான் பார்த்ததே இல்லை என்று அவள் மற்றவர்களை எல்லாம் கூட்டி வந்து காட்டினாள். மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. தண்ணீர் வேண்டும் என்றால் மட்டும் இன்னும் மனைவியைக் கூப்பிடக் கூச்சமாக இருந்தது. இருமிக் காட்டுவார். அந்த அம்மா தண்ணீரோடு வருவார்.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்றைக்கு, மனைவி காரை வாசலுக்குக் கொண்டுவந்தார். மாஸ்டரைப் பிடித்து முன் இருக்கையில் உட்கார வைத்து, முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்து, பெல்ட்டை மாட்டிவிட்டார்கள். அந்த அம்மா மனதைத் திடப்படுத்திக்கொண்டு கிளம்பினார். கேட்டைத் தாண்டினார், சத்தம் இல்லை. முனையில் ஒரு பஸ்ஸுக்கு நின்றார், அதட்டல் இல்லை. பெட்ரோல் பங்கைத் தாண்டும்போது வேண்டும் என்றே இண்டிகேட்டர் போடாமல் வண்டியைத் திருப்பிப் பார்த்தார். ஊஹூம், ஒன்றும் இல்லை. ஓரக்கண்ணால் கீழே பார்த்தார். அந்தக் கால் அசையாமல் கிடந்தது.

அந்த அம்மாவுக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. பள்ளிக்கூட வளைவில் வண்டியை ஓரம் கட்டி, பதறிப்போய் அவர் மூக்கடியில் விரலை வைத்தார்.

"ஏங்க! ஏங்க, இங்க பாருங்க! என்னாச்சு உங்களுக்கு? ஆண்டவரே!"

மாஸ்டர் ஒரு கண்ணைத் திறந்தார். வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. அதைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்து, எந்த இடம் என்று தெரியாமல் விழித்தார்.

"எதுக்கு இப்படிக் கத்தற? தூங்கிட்டேன்."

"தூங்கினீங்களா? ஓடற வண்டியிலயா? நீங்களா?"

"ஆமா, நான்தான்." தலையணையைச் சரிசெய்துகொண்டு, தலையைச் சாய்த்து, மறுபடியும் கண்ணை மூடினார். "எனக்கு ஒண்ணும் இல்ல. நீ ஓட்டு."